விவரம் தெரியாதவர்கள் எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுநிறுவனப் பங்குகள் பக்கத்தில், எலும்பு முறிவுக்கான தகடும் ஸ்க்ரூவும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். "விவரம் தெரியாத சில்லறை முதலீட்டாளர்கள் தங்களுக்குள் பேசிப் பேசியே இந்தப் பங்கை ஏற்றி இறக்கி விளையாடுகிறார்கள்" என்று அதில் ஒரு வரி. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் விலையை என் பங்குக்கும் ஆட்ட வேண்டாம்.

சரி, நாங்கள் விவரம் தெரியாதவர்கள். அதே கட்டுரையின் கடைசிப் பத்தியில் விவரம் தெரிந்தவர் தரும் யோசனையைப் பார்ப்போம்: "மாதம் ரூ.5,000 ஒதுக்கி, எஸ்ஐபி போலச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம்." ஐயா, அது தேசியப் பங்குச் சந்தை சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென வைத்திருக்கும் என்எஸ்இ எமர்ஜ் தளத்தில் இருக்கும் எஸ்எம்இ பங்கு. அங்கே பத்து, இருபது என்று வாங்க முடியாது, லாட் கணக்கில்தான், அதாவது மொத்தக் கட்டாகத்தான் வாங்க வேண்டும். ரூ.120-க்கு மேல் 150 வரை விலை என்றால் ஒரு லாட் 1,000 பங்குகள். நீங்களே அச்சிட்ட விலை ரூ.138. ஆக ஒரு லாட்டுக்கு ரூ.1,38,000, தரகும் வரியும் தனி. உங்கள் யோசனைப்படி சேர்ப்பவர் முதல் லாட்டைத் தொட இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகும், அதுவும் விலை அதுவரை அசையாமல் காத்திருந்தால்!

வாங்குவதையாவது எழுதினீர்கள். விற்பதைப் பற்றி ஒரு வரி உண்டா? இந்தப் பங்குகளில் நாள் முழுக்கப் பத்துப் பதினைந்து லாட் கைமாறினாலே பெரிது. வாங்கப் போனால் 138 கேட்பார்கள், விற்கப் போனால் 131 தருவார்கள். இடையில் ரூ.7. ஒரு லாட் வாங்கிய அந்த நிமிடமே ஏழாயிரம், அதாவது ஐந்து சதவீதம், கையை விட்டுப் போய்விட்டது. கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் இன்னும் கீழே விழும். நாமே விலை குறிக்கும் லிமிட் ஆர்டர் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்பது இதில் அரிச்சுவடி.

வழக்கமான 'எஸ்எம்' வரிசையில் இருக்கும் பங்கைக் கட்டுப்பாடு மிகுந்த 'எஸ்டி' வரிசைக்குச் சந்தை மாற்றிவிட்டால் அன்றே வாங்கி அன்றே விற்க முடியாது, டெலிவரி எடுத்தே ஆகவேண்டும். ஒரு நாளில் விலை ஏறி இறங்கக்கூடிய வரம்பும் ஐந்து சதவீதத்துக்குச் சுருங்கும். கெட்ட செய்தி வந்தால் காலை ஒன்பதேகாலுக்கே லோயர் சர்க்யூட்டில், அதாவது அந்த வரம்பின் அடிமட்டத்தில், பூட்டிக்கொள்ளும். அப்போது, இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப் லாஸ் போட்டிருந்தும் பயனில்லை. ஆர்டர் வரிசையில் போய் நிற்கும், வாங்கத்தான் ஆள் இருக்காது. மறுநாளும் அதே கதை. வாங்கவும் விற்கவும் விலை சொல்வதற்கென்றே நியமிக்கப்பட்ட மார்க்கெட் மேக்கர் இருக்கிறாரே என்பீர்கள். பட்டியலான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குத்தான் அவர் கட்டாயம், அதிலும் வணிக நேரத்தில் 75 சதவீதம் இரு பக்கமும் விலை சொன்னால் போதும். நீங்கள் பரிந்துரைத்த நிறுவனத்துக்கு அந்த மூன்று ஆண்டு எப்போது முடிகிறது என்பதை உங்கள் பக்கத்தில் தேடினேன். இல்லை.

இது இன்று நேற்றுக் குறை அல்ல. "அமெரிக்க எஃப்டிஏ ஒப்புதல் பெற்றது" என்று உங்கள் இதழில் வேறொரு நிறுவனத்துக்குத் தலைப்பே போட்டீர்கள். அந்த நிறுவனம் செய்தது, தன் தொழிற்சாலையை அந்நாட்டின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் பதிவு செய்ததுதான். கட்டணம் கட்டி விவரம் பூர்த்தி செய்தால் யாருக்கும் கிடைக்கும் பதிவு அது. அதற்குச் சான்றிதழே தருவதில்லை என்று எஃப்டிஏ தானே சொல்கிறது, ஆனால் முத்திரை போட்ட சான்றிதழைத் தனியார் ஏஜென்டுகள் அச்சடித்துத் தருகிறார்கள், உங்கள் பக்கத்தில் அதன் படமும் வந்தது. ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு இணையானது என்று நிரூபித்து எஃப்டிஏவிடம் வாங்கும் அனுமதிதான் 510(கே). அதற்குக் 'கே'யில் தொடங்கி ஆறு இலக்கம் கொண்ட எண் இருக்கும், எஃப்டிஏ இணையதளத்தில் காசு கொடுக்காமல் தேடலாம். ஆபத்து மிகுந்த கருவிகளுக்கு, மருத்துவச் சோதனைத் தரவுகளோடு வாங்க வேண்டிய பிஎம்ஏ ஒப்புதல் வேறு. ஐரோப்பாவில் விற்கக் கருவியில் போடும் சிஇ குறியிலும் இதே கூத்துதான். ஆபத்துக் குறைந்த முதல் வகுப்புக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பாளரே சொல்லிக்கொண்டு குறியைப் போட்டுக்கொள்ளலாம். வெளி அமைப்பு ஒன்று சோதித்திருந்தால் குறியின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். படத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிகிற விஷயம்.

நம் நாட்டு உரிமம் மட்டும் ஒழுங்காகவா வருகிறது? 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி ஆபத்துக் குறைந்த ஏ, பி வகுப்புக் கருவிகளைத் தயாரிக்க மாநில அதிகாரி எம்டி-5 படிவத்தில் உரிமம் தருகிறார். ஆபத்து மிகுந்த சி, டி வகுப்புக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்டி-9 தருகிறது. எம்டி-10 என்றால் அடுத்தவர் தொழிற்சாலையில் தயாரித்துக்கொள்ளும் லோன் லைசென்ஸ். எம்டி-13 என்றால் சோதனைக்காக மட்டும் தயாரிக்க அனுமதி, அதை வைத்து ஒரு ஸ்க்ரூகூட விற்க முடியாது. நான்கையும் "மத்திய அரசு அங்கீகாரம்" என்று ஒரே தட்டில் வைத்துவிடுகிறீர்கள். எம்டி-13 வந்த சேதிக்கே விலை அன்றைய உச்ச வரம்பைத் தொட்டு அப்பர் சர்க்யூட் அடிக்கிறது என்றால், பேசிப் பேசி ஏற்றியது யார்?

எலும்புத் தகடு வியாபாரத்துக்கு வருகிறேன், மருத்துவக் கருவி விற்பனையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில். ஒரு அறுவை சிகிச்சைக்கு எந்த அளவுத் தகடு பொருந்தும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லா அளவும் அடங்கிய பெட்டியே ஆஸ்பத்திரிக்குப் போகும். டாக்டர் எடுத்தது ஒரு தகடும் ஏழெட்டு ஸ்க்ரூவும் என்றால் அதற்கு மட்டும்தான் பில். மீதி திரும்பி வரும், காலியான இடத்தை நிரப்பிப் பெட்டி அடுத்த ஊருக்குப் போகும். நேர்மையான கம்பெனி உபயோகித்ததை மட்டும் விற்பனை என்று எழுதும். மற்றவர்கள் மார்ச் கடைசி வாரத்தில் விநியோகஸ்தர்களின் குடோனை நிரப்பிவிட்டு முழுப் பெட்டியையும் விற்பனையில் காட்டுவார்கள். லாபம் ஏறும், பணம் வராது. இலாப நட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் இது பிடிபடவே பிடிபடாது. வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா, நடவடிக்கைகளிலிருந்து வரும் ரொக்கம் மைனஸில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்எம்இ நிறுவனங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டினால் போதும் என்பதால் அந்த வாய்ப்பும் வருடத்துக்கு இரண்டே தடவை. உங்கள் கட்டுரையில் 'பாக்கி' என்ற பேச்சே இல்லை. "வலுவான வளர்ச்சி" மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது.

அரசு டெண்டரில் எல்-1 வந்ததையும் ஆர்டர் கிடைத்ததாகவே எழுதுகிறீர்கள். குறைந்த விலை சொன்னவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதன்பின் ஏற்புக் கடிதம், ஒப்பந்தம், கொள்முதல் ஆணை என்று படிகள் உண்டு. கருவி போய்ச் சேர்ந்தாலும், பொருத்தி இயங்குகிறது என்று ஆஸ்பத்திரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் மீதிப் பணம். 2017 பிப்ரவரியில் இதயக் குழாயில் பொருத்தும் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ரூ.29,600 என்று அரசு ஒரே நாளில் உச்சவரம்பு வைத்ததும் இதே துறையில்தான். "தேவை குறையாத துறை" என்று எழுதியவருக்கு விலை குறையும் என்பது நினைவுக்கு வரவில்லை. பெங்களூரின் மருத்துவக் கருவி நிறுவனமான ஆப்டோ சர்க்யூட்ஸும் தேவை குறையாத துறையில்தான் இருந்தது. 2010-ல் அது வாங்கிய அமெரிக்காவின் கார்டியாக் சயின்ஸ் நிறுவனம் 2015-ல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. நல்ல நாளில் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தது போனஸ் பங்குகளை.

சில்லறை முதலீட்டாளர்கள் ஏன் தங்களுக்குள் பேசுகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். சந்தை வதந்திக்குப் பதில் சொல்லவேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வைத்த விதி சந்தை மதிப்பில் முதல் 250 நிறுவனங்களுக்குத்தான். இந்தச் சின்ன நிறுவனங்கள் வாயைத் திறக்காமலே இருக்கலாம். ஆய்வறிக்கை எழுத ஆளில்லை. ஆகவே ஒருவர் உரிமப் படிவத்தைத் தேடுகிறார், ஒருவர் டெண்டர் முடிவைப் பார்க்கிறார், இன்னொருவர், பொது வெளியீட்டுக்கு முன்பே பங்கு பெறும் பெரிய ஆங்கர் முதலீட்டாளர்கள் விற்கக்கூடாத 30 நாள், 90 நாள் பூட்டு எப்போது திறக்கிறது என்று காலண்டரில் குறித்துக்கொள்கிறார். இவர்களுக்கு நடுவே டிப்ஸ் விற்பவர்களும் புகுந்துவிடுகிறார்கள், மறுக்கவில்லை. எஸ்எம்இ பங்குகளில் விலைத் திரிப்பின் அறிகுறிகள் தெரிவதாக 2024 மார்ச்சில் செபியின் அன்றைய தலைவரே சொன்னார். ஆனால் டிப்ஸ்காரரையும் 'கே' எண்ணைத் தேடுபவரையும் ஒரே வரியில் சூதாடிகளாக்கியது உங்கள் இதழ். அந்தப் பக்கத்துக்கு எதிரிலேயே வேறொரு எஸ்எம்இ வெளியீட்டின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. எஸ்எம்இ பங்கைப் பரிந்துரைக்கும்போது கட்டுரைக்கு அடியில் நான்கு விவரம் போடுங்கள்: லாட் அளவு, மார்க்கெட் மேக்கரின் கட்டாயக் காலம் முடியும் தேதி, கடைசி அரையாண்டின் வரவேண்டிய பாக்கி, உரிமத்தின் படிவ எண். அந்த ரூ.5,000 எஸ்ஐபி யோசனைக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தமும் வேண்டும். வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை. தேடிப் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.