கடைசல் பட்டறையைக் காப்பாற்றிய ஐயாவுக்கு

அப்பா விட்டுச்சென்ற பழைய மரக்கடைசல் லேத்தின் வார்ப்பிரும்பு ஃபேஸ் பிளேட் (மரத்தைப் பொருத்திச் சுழற்றும் வட்டத் தகடு) கழுத்தோடு உடைந்துவிட, வட்டப் பீடங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்த நான், அந்தத் தகடு திருகி ஏறும் சுழல்தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு மதுரையில் கடை கடையாக அலைந்தேன். ஒரு கடையில் கொடுத்த தகடு இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. அடித்து ஏற்றச் சொன்னார்கள்.

பெரியார் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடையில் பக்கத்தில் அமர்ந்திருந்த தாங்கள், நான் கேட்காமலேயே சட்டைப்பையிலிருந்து திருகுமரையை அளக்கும் மரை கேஜை எடுத்து ஸ்பிண்டிலின் மீது வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினீர்கள். ஸ்பிண்டிலில் இருந்தது விட்வொர்த் எனும் பழைய ஆங்கிலேய அங்குல அளவு மரை, ஒரு அங்குலத்துக்கு 8 புரி, கோணம் 55 பாகை. கடைத் தகட்டிலிருந்த மெட்ரிக் (மில்லிமீட்டர் அளவு) மரையோ 60 பாகை என்பதால் அடித்திருந்தால் ஸ்பிண்டிலும் போயிருக்கும் என்றீர்கள். பிறகு கப்பலூரில் தாங்கள் வேலை பார்க்கும் பட்டறைக்கு அழைத்துச் சென்று, வேலை நேரம் முடிந்தபின் புதிய தகட்டில் உள்மரை வெட்டி, நான்கைந்து முறை ஸ்பிண்டிலில் ஏற்றிப் பார்த்தே கையில் கொடுத்தீர்கள். ஸ்பிண்டிலைத் தாங்கும், தேய்ந்திருந்த கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷையும் (அதை நான் கவனித்திருக்கவே இல்லை) மாற்றி, எண்ணெய்த் துளையையும் சுத்தம் செய்தீர்கள். இரும்புக்கு மட்டுமே பணம் வாங்கினீர்கள்.

ஐயா, பதற்றத்தில் தங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பீடங்கள் குறித்த நாளில் போய்விட்டன. தங்கள் மரை கேஜ் என் சாக்கிலேயே வந்துவிட்டது. எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.