குடும்ப வரலாறு: 'நில்'

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் கேஸ் ஷீட்டுகளை அடுக்கியே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 சமூகக் குழுக்களிலிருந்து சுமார் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டீர்கள். நல்ல வேலை. ஆனால் அந்தத் தரவுக்கு இணையாக நிற்க வேண்டிய காகிதங்கள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பதை, அவற்றைக் கயிறு போட்டுக் கட்டிய கையால் எழுதுகிறேன்.

கேஸ் ஷீட்டில் 'குடும்ப வரலாறு' என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலும் அங்கே ஒரே ஆங்கிலச் சொல்தான்: 'நில்' (Nil), அதாவது 'ஒன்றுமில்லை'. இதயம் வீங்கிய நிலையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் சேர்ந்தார். அவருக்கும் 'நில்'. அவர் இறந்த பிறகு சான்றிதழுக்கு வந்த மனைவி சொன்னார்: கணவரின் அண்ணனும் இங்கேயேதான், இதே நோயில் போனாராம். தேடினேன். வேறு எண்ணில், வேறு அலமாரியில் இருந்தது அண்ணனின் கட்டு. அதிலும் 'நில்'. அந்த அம்மாள் கணவருக்குச் சொந்த அக்கா மகள் என்பது இரண்டு கட்டிலும் இல்லை.

இது ஏன் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதயத் தசையின் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் காணப்படுகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. மதுரை ஆய்வாளர்களுக்கும் அதில் பங்குண்டு. அதைச் சுமப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. வருபவர்களுக்கும் பலவேளை நடுவயதில்தான் தெரிகிறது. யாருக்கு வரும், யார் தப்புவார் என்பதை மரபணு மட்டும் சொல்லாது. பத்து, இருபது ஆண்டுகளின் எக்கோ (இதய ஸ்கேன்) முடிவும் ரத்த அழுத்தமும் அதோடு சேர வேண்டும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு நோய் கடுமை. மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் ஊரில் இதைக் கேட்காமல் விடலாமா?

ஆரிய வைசியர் என்ற வணிகச் சமூகத்தில் சிலருக்கு, அறுவையின்போது மயக்க மருந்தோடு தரும் ஒரு தசை தளர்த்தும் மருந்தின் பின் மணிக்கணக்கில் மூச்சு திரும்புவதில்லை. அறுவை அரங்கில் கண்டதையும் உறவுமுறையையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அது புரிந்தது. மரபணு விளக்கம் அதற்கு உறுதி தந்தது.

பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற ஆய்வு மாதிரி வங்கி ஐந்து லட்சம் பேரின் மாதிரிகளோடு அவர்களின் மருத்துவப் பதிவுகளையும் தொடர்ந்து இணைத்து வருகிறது. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ரத்தம் எடுத்த ஒரு நாளின் அளவுகள். ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்க ஆபா என்ற 14 இலக்க எண் இருக்கிறது. சம்மதம் பெற்று அதை மாதிரியோடு இணைக்க வழி செய்யுங்கள். சம்மதம் என்று நான் சொல்வது, சேர்க்கையன்று அவசரத்தில் வாங்கும் கைநாட்டை அல்ல. சாதிப் பெயரும் நோயின் பெயரும் ஒரே தாளில் வருவதால் காப்பீட்டுக்காரர் கையில் அது சிக்கக் கூடாது என்பதும் நிபந்தனை.

அதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். அந்த ஒற்றை வரியை அரைப்பக்கமாக்குங்கள். அதை நிரப்ப, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆளை நியமியுங்கள். 'நில்' எழுத ஒரு நொடி போதும். 'உங்கள் அண்ணன் எப்படி இறந்தார்' என்று கேட்கப் பத்து நிமிடமாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பதிவேட்டு எழுத்தர்