பாப்பா ரூமுக்குக் கட்டில்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அவள் சேலைகளைப் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் பேசினால் "சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுசாகப் படிப்பாய்.

பாப்பா ரூமுக்கு நீ போட்டு அனுப்பிய பிளான் நன்றாக இருக்கிறது. ஜன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் கூடக் குறித்திருக்கிறாய். எனக்கு வேலை கொடுத்த கான்ட்ராக்டர்களில் பாதிப் பேர் அதைக் குறிக்க மாட்டார்கள். பட்டறையில் சீவல் குவியல் மேல் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்ட பிள்ளை நீ. பிளானை அம்மாவிடம் காட்டினேன், எதிர்வீட்டு அண்ணாச்சியிடமும் காட்டினேன்.

செலவு ஐயாயிரத்துக்குள் முடியணும் என்று கீழே எழுதியிருக்கிறாய். முடியும், பழைய சாமானை வைத்தே முடிக்கலாம். ஆனால் அந்தப் பச்சை அலமாரியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போகிறேன் என்றாயே, அது மட்டும் வேண்டாம். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுக்கு அடிக்கிற பெயின்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தின பெயின்டை நம்ப முடியாது. தேய்த்தால் தூசி ரூம் முழுக்கப் படியும். பாப்பா தரையில் விளையாடிவிட்டு அதே கையால் முறுக்குத் தின்பாள். ஈயம் பிள்ளைகள் மூளையைக் கெடுத்துவிடும், இவ்வளவு போனால் பரவாயில்லை என்கிற அளவே அதற்குக் கிடையாது. பெயின்ட் உரியாமல் இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, தேய்க்காமல் மேலேயே புதுசு அடித்துவிடு. டப்பாவில் ஈயத்தைப் பற்றி எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்கு. உரிந்திருந்தால் அலமாரியே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடு.

கம்பெனிகளில் சரக்கு இறக்கிவிட்டுப் போடுகிற மரச்சட்டங்களை வாங்கி புத்தக ஷெல்ப் அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். அடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் அதில் ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். ஹெச்.டி. என்று இருந்தால் சூட்டில் பதம் செய்தது, எடு. எம்.பி. என்று இருந்தால் புகைமருந்து போட்டது, பிள்ளை ரூமுக்கு ஆகாது. முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க் கறை பட்டதையும் விட்டுவிடு. ஆணியைப் பிடுங்கியதும் எண்ணிப் பார்த்துத் தகர டப்பாவில் போடு.

சேலை விஷயம் அம்மா சொல்லச் சொன்னது. எல்லாம் பருத்தி, கஞ்சி போகத் துவைத்தாயிற்று. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் இருக்கும், நடுவில் வெட்டினால் கதவுக்கு இரண்டு திரை. வெயில் அடிக்கிற ஜன்னலுக்கு இரட்டையாகப் போட்டுத் தை. அரக்குச் சுங்குடியை வெட்டாதே, அதைப் பாப்பாவுக்குப் போர்வையாகவே கொடு என்கிறாள். நீ அனுப்பிய ரூம் போட்டோவில் வடக்குச் சுவரில் அடியில் ஓதம் தெரிகிறது. அங்கே துணியும் பாயும் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். முதலில் ஓனரிடம் சொல்லி எங்கிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று பார்க்கச் சொல்.

போட்டோவில் பத்தமடைப் பாய் விரித்திருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்ததுதானே? இன்னும் கரை கூடப் பிரியவில்லை. அதில் இரண்டு தலையணை இருந்தது. மூலையில் உன் நீலப் பெட்டி, அதன் மேல் நீ ஆபீசுக்குக் கொண்டு போகிற பை, பக்கத்தில் உன் மூக்குக்கண்ணாடிக் கூடு. பாப்பா தனியாகப் படுக்கப் பயப்படுகிறாளோ என்று அம்மா கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அலமாரி எதுவானாலும் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு இறுக்கணும். பிள்ளை இழுப்பறையைத் திறந்து அதில் ஏறினால் மொத்தமும் மேலே சாயும். அதை ஒரு ஆள் பிடித்துக்கொள்ள ஒரு ஆள்தான் முடுக்க முடியும், நீ ஒருத்தியாகச் செய்யாதே. மாப்பிள்ளை பிடித்துக்கொள்வார் என்றால் சரி. அவருக்கு வேலை அதிகம் என்றால் அதற்காக அவரைக் கேட்க வேண்டாம், அலமாரி நான் வருகிற வரைக்கும் வராந்தாவிலேயே நிற்கட்டும். பழைய மரத்துக்கு யார் யாரிடமோ யோசனை கேட்டிருக்கிறாய், செல்போனில் வீடியோ பார்த்திருக்கிறாய். நாற்பது வருஷமாய் இழைப்புளி பிடித்தவன் வீட்டில் இருக்கிறேன், என்னிடம் கடைசியில்தான் கேட்கிறாய். எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்லலாம் செல்வி. ஏன், எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

கட்டில் வாங்காதே. முன்வாசல் மாற்றியபோது கழற்றிய கதவு பின்கட்டில்தான் இருக்கிறது. முழுத் தேக்கு, ஒருநாளும் பெயின்ட் படாதது, லின்சீட் எண்ணெய் மட்டும்தான் போட்டிருக்கிறோம். வாசப்படிச் சட்டத்தை நான் தொடவில்லை, அம்மா விடமாட்டாள். பக்கநிலையை அறுத்துக் கால் எடுத்தாயிற்று. அம்மா வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சள் இழைத்த பிறகும் ஒரு காலில் லேசாகத் தெரிகிறது. அந்தக் காலைத் தலைமாட்டுப் பக்கம் வைக்கிறேன்.

உன் பிளானில் இரண்டரை அடி அகலம் போட்டிருக்கிறாய். நான் நாலடி போடுகிறேன். பாப்பா வளருகிற பிள்ளை. நீயும் கூடப் படுத்தால் நெருக்கம் இல்லாமல் இருக்கும். ரூமுக்குள் மேஜைக்கு இடம் குறையும், பரவாயில்லை, மேஜையை மடக்குகிற மாதிரி சுவரில் கீல் வைத்துத் தருகிறேன்.

எல்லாம் கழற்றி மாட்டுகிற மாதிரிதான். நெல்லை எக்ஸ்பிரஸில் பார்சல் போட்டுவிட்டு நானும் அதிலேயே வருகிறேன். ரூம் கதவின் உள் அளவையும் மாடிப்படித் திருப்பத்தின் அளவையும் அங்குலத்தில் எழுதி அனுப்பு. மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நாளில் வரவா, இல்லாத நாளில் வரவா என்று தேதியை மட்டும் போடு, போதும். கட்டிலை மாட்டிவிட்டு நான் அங்கேயே கொஞ்ச நாள் இருக்கணும் என்றாலும் இருப்பேன். பட்டறையில் இப்போது அவசர வேலை ஒன்றும் இல்லை.

பணம் ஏதும் அனுப்பாதே. அலமாரியைத் தேய்க்காதே.

இப்படிக்கு,
அப்பா