பாயைக் கொஞ்சம் சுருக்கு

அன்பு மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய கப்பல் படம் வந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். சரி, வேலை இருந்திருக்கும்.

அலை பிரமாதம். முகட்டில் வெளிச்சம் ஊடுருவுகிற அந்தப் பச்சை உனக்கு எப்படித்தான் வந்ததோ! உன் சித்தப்பாவிடம் காட்டினேன், வாயடைத்துப் போனான். ஆனால் அம்மாடி, அவ்வளவு பெரிய புயலில் போர்க்கப்பல் எல்லாப் பாயையும் விரித்துக்கொண்டா போகும்? உச்சியில் இருப்பதைச் சுருட்டி, மற்றதைப் பாதி மடித்துக் கட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் பாய் கிழியும், பாய்மரமே ஒடியும். பாய்கள் முன்னோக்கி உப்பியிருக்க, கொடி பின்னோக்கிப் பறக்கிறது. ஒரே கப்பலில் இரண்டு காற்றா?

ஓவியர் டர்னர் மட்டும் உள்ளபடியா வரைந்தார் என்பாய். வாஸ்தவம். 98 பீரங்கிகள் சுமந்த டெமரேர் போர்க்கப்பலை 1838-இல் உடைக்க இழுத்துப் போனபோது பாய்மரங்களை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். அவர் படத்தில் அவை நிமிர்ந்து நிற்கின்றன. கிழட்டுக் கப்பலுக்கு அவர் செய்த மரியாதை அது. உன் கொடிக்கு அப்படியொரு காரணம் உண்டா?

எனக்குப் பிடித்தவர்கள் டச்சு ஓவியர்கள் வான் டி வெல்டே அப்பாவும் மகனும்தான். உனக்குத் தெரியாததா? 1666-இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் நான்கு நாள் நடந்த கடற்போரில் அப்பா சிறு கப்பலில் கூடவே போய், கண்ணால் பார்த்து வரைந்தார். 1674-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுத்தார்: அப்பா கடற்போரைக் கோட்டில் எடுக்க, மகன் அதற்கு வண்ணம் தீட்ட. ஒருவரோடொருவர் பேசாமல் நடக்கிற காரியமா அது?

மகனின் படங்களில் எத்தனை ஆட்கள்! துடுப்புப் போடுகிறவன், கயிற்றில் ஏறுகிறவன், சும்மா வேடிக்கை பார்க்கிறவன். உன் கப்பலில் ஒருவரும் இல்லையே. தளம் முழுக்கக் காலி, சுக்கான் பிடிக்கக்கூட ஆளில்லை. போன படத்திலும் இல்லை, அதற்கு முந்தியதிலும் இல்லை. முன்பெல்லாம் ஆட்களைத்தானே முதலில் வரைவாய்? கேட்டேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழித்து வரையாதே. பாயைச் சுருக்கு, படத்தைத்தான் சொல்கிறேன். ராத்திரி கண்டிப்பாகத் தூங்கு.

இங்கத்திய சேதியெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். முதலில் ஒரு போன் செய். அம்மா கேட்டதாகவே வைத்துக்கொள்.

அப்பா