ஜிஜெக்கிடம் யாராவது இதைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்லோவீனிய இடதுசாரித் தத்துவவாதி ஸ்லாவோய் ஜிஜெக்கைப் பேட்டி எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அவரைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மூக்கைத் தேய்ப்பார், டி-சர்ட்டை இழுத்துவிடுவார், நடுவில் ஒரு விவகாரமான ஜோக், அவ்வளவுதான். எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் முதலில் காபியைப் பற்றித்தான் கேட்பேன். ஸ்டார்பக்ஸில் ஒரு கோப்பை வாங்கும்போது ஏழை விவசாயிக்கு உதவினோம் என்ற நிம்மதியையும் சேர்த்து அதே பில்லில் வாங்கிவிடுகிறோம், இனி குற்றவுணர்வுக்குத் தனிச் செலவு இல்லை என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019 ஏப்ரலில் டொரன்டோவில் கனடாவின் உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சனோடு அவர் விவாதித்தபோது ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கி வந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்களே, அதுவும் அதே காபிதானே ஐயா?

அப்புறம், 2016இல் அமெரிக்காவில் ஓட்டு இருந்திருந்தால் டிரம்புக்குப் போடுவேன், அப்போதாவது பழைய அரசியல் ஆட்டம் காணும் என்றார். ஆட்டம் கண்டது, யார் தலையில் விழுந்தது?

2011இல் நியூயார்க்கில் பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்துக் கூடிய வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்களிடம் போய், திருவிழா நடத்துவது சுலபம், மறுநாள் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி என்று சொன்னவரும் இவர்தான். (எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அது.) 1990இல் ஸ்லோவீனியாவின் கூட்டுத் தலைமைக்கு (பலர் சேர்ந்து அதிபர் பொறுப்பு வகிக்கும் குழு) போட்டியிட்டுத் தோற்றவர் என்பதால் அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்கலாம்: நீங்கள் ஜெயித்திருந்தால் மறுநாள் காலை ஆபீசில் உட்கார்ந்து முதலில் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்