நாற்பதாயிரம் கேட்ட தம்பிக்கு

தம்பிக்கு,

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. விடியற்காலை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் பண்ணினாய். "அண்ணே, அவசரமா ஒரு நாப்பதாயிரம் ஜீபே பண்ணுங்க. காலையிலயே திருப்பிடுறேன்." சித்திக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று முதலில் பயந்துவிட்டேன். அப்புறம்தான் உன் குரலைக் கவனித்தேன். அழுகை இல்லை, ஒரு அவசர வேகம். அந்த வேகம் எனக்குப் பழக்கமானது. ஜீபேயைத் திறந்து நாலும் சைபரும் தட்டியவன் அதோடு நிறுத்திக்கொண்டேன். "எதுக்குடா?" என்றேன். வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை. ஆனால் இந்த வலைப்பூவைப் படிப்பாய். நம் ஊர் பூம்பாறையைப் பற்றி நான் ஒரு வரி தப்பாக எழுதினாலும் முதலில் வந்து திட்டுகிற ஆள் நீதானே. பேர் போடவில்லை, கவலைப்படாதே.

உன்னைக் கேள்வி கேட்கிற யோக்கியதை எனக்குக் கொஞ்சம் குறைவு. 2021 மார்ச்சில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் போனை உன்னிடம் நீட்டியவன் நான். நீ அப்போது பிளஸ் டூ. திரையில் ஒரு கிரிப்டோ ஆப் (பிட்காயின் மாதிரி காயின்களின் விலை மேல் பந்தயம் கட்டுவது), அதில் பச்சையாக +340% என்று இருந்தது. "இருபதாயிரம் போட்டேன், எண்பத்தெட்டாயிரம் ஆயிருச்சு" என்றேன். உன் கண் விரிந்ததைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! அந்தப் பணம் என்ன ஆனது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அந்த 340-ஐப் பிரித்துப் பார். இருபது மடங்கு லெவரேஜில், அதாவது கைக்காசைப் போல இருபது மடங்குக்குக் கடனில் பந்தயம் கட்டினால், அது வெறும் 17 சதவீத ஏற்றம். ஆப் அதைச் சொல்லாது, பெருக்கின கணக்கைத்தான் கொட்டை எழுத்தில் காட்டும். இருபதாயிரம் ரூபாயை வைத்து நாலு லட்சத்துக்கு லாங் போகிறாய், விலை ஏறும் என்று கட்டுகிறாய். விலை ஒரு சதவீதம் ஏறினால் நாலாயிரம். கொடைக்கானலில் இருந்து டூரிஸ்ட்டை ஏற்றிக்கொண்டு நாள் பூராவும் ஜீப் ஓட்டினாலும் டீசல் போக அவ்வளவு மிஞ்சுமா? மிஞ்சாது. அதுதான் மண்டையைக் கெடுக்கிறது. ஐந்து சதவீதம் இறங்கினால் மொத்தமும் போச்சு. ஐந்து வரைக்கும்கூட விடமாட்டார்கள், கொஞ்சம் முன்னாலேயே பொசிஷனை, அதாவது நீ கட்டின பந்தயத்தை, பிடுங்கி விற்றுவிடுவார்கள். அதற்குப் பேர்தான் லிக்விடேட். இறங்கவே இல்லை என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபண்டிங் என்று ஒன்று உண்டு. பல இடங்களில் காலை 5.30, மதியம் 1.30, இரவு 9.30. எல்லோரும் லாங் பக்கம் நிற்கும்போது லாங் போட்டவன் ஷார்ட் போட்டவனுக்கு (இறங்கும் என்று கட்டினவனுக்கு) படியளக்க வேண்டும். 0.01 சதவீதம் என்று பார்த்தால் தூசு. ஆனால் அது உன் இருபதாயிரத்துக்கு இல்லை, நாலு லட்சத்துக்கு. வேளைக்கு நாற்பது, நாளைக்கு நூற்றிருபது ரூபாய்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் என்ன? ராத்திரி இரண்டு மணிக்கு, வெளியே கை விறைக்கிற குளிரில், கம்பளிக்குள் எனக்கு மட்டும் வேர்த்துக்கொண்டிருக்கும். உன் அண்ணி திரும்பிப் படுத்தால் போனைக் கவிழ்ப்பேன். எண் பச்சையாக ஏறும்போது வருகிற அந்த சூடு இருக்கிறதே, அதை நான் பொய் சொல்லி மறைக்கப் போவதில்லை. என் வாழ்க்கையில் என் புத்திக்காக மட்டும் எனக்குக் காசு கிடைப்பதாகத் தோன்றிய நாட்கள் அவை. சோறு இறங்காது. வீட்டுக்கு வந்த விருந்தாளி பேசுவது காதில் விழாது. ஜெயித்த அன்றைக்கும் அப்படித்தான், தோற்ற அன்றைக்கும் அப்படித்தான்.

2021 மே 18 இரவு, பிட்காயின் 43,000 டாலர். ஐம்பதாயிரம் ரூபாய் வைத்து இருபது மடங்கில் லாங் போனேன். இறங்கியது போதும், இனி ஏறும் என்று என் கணிப்பு. காலையில் எழுந்தால் விலை சரிந்துகொண்டிருக்கிறது, 41,000-ல் என் கழுத்து, அதைத் தொட்டால் லிக்விடேட். முப்பதாயிரம் சேர்த்தேன், கழுத்து கொஞ்சம் கீழே தள்ளிப் போனது. மீதி இருந்த முப்பதாயிரத்தையும் சேர்த்தேன், 38,500-க்குப் போனது. மதியத்துக்கு மேல் விதைப்பூண்டு வாங்க அப்பா கொடுத்து வைத்திருந்த அறுபதாயிரம். அதையும் போட்டேன். இப்போது 36,000. இவ்வளவு தூரம் எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

அன்று மழை, வீட்டில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு ரோட்டு வளைவில், அந்த யூகலிப்டஸ் மரத்தடிக்குப் போய் நின்றேன். அங்கேதான் இரண்டு கோடு கிடைக்கும், உனக்குத் தெரியும். ஆறரை மணி இருக்கும். ஆப் சுற்றிச் சுற்றித் திறந்தது. பொசிஷன் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது. நெட் சரியில்லாததால் காட்டவில்லை என்று நினைத்து மூன்று முறை இழுத்து விட்டேன். அப்புறம்தான் மெசேஜ் வந்தது. விலை 30,000 வரைக்கும் போயிருந்தது.

அன்று இரவே அது 36,000-ஐத் தாண்டித் திரும்பிவிட்டது. ஜூலையில் மறுபடி 30,000-க்குக் கீழே போனது, நவம்பரில் 69,000. ஏறும் என்று நான் சொன்னது சரிதானேடா! சரியாகச் சொன்னவன் கையில் ஒரு பைசா இல்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் அடுக்களைப் பரண்தான் ஞாபகம் வரும். விலை சரியில்லை என்றால் பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புப் புகையில் தொங்கவிட்டுவிட்டு அவர் பாட்டுக்கு இருப்பார். (2019-ல் நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு இப்படிக் கெடாமல் நிற்பதும் ஒரு காரணம்.) வடுகபட்டி வியாபாரி போன் போட்டு அவசரப்படுத்தினால் "பாப்போம்யா" என்பார். 2024 தொடக்கத்தில் பூண்டு கிலோ 400-ஐத் தாண்டியபோது அவர் பரணில் சரக்கு இருந்தது. விலை கணித்தெல்லாம் வைக்கவில்லை, பொறுத்தார், அவ்வளவுதான். கடன் வாங்கிப் பந்தயம் கட்டினவனுக்கு அந்தப் பரண் கிடையாது. அரை மணி நேரம் விலை தப்பாகப் போனால் போதும், சரக்கை வேறொருவன் விற்றுவிடுவான்.

நீ போன் பண்ணின ராத்திரி என்ன நடந்தது என்று அப்புறம் படித்தேன். சீனச் சரக்குக்கு இன்னும் 100 சதவீதம் வரி என்று டிரம்ப் அறிவித்தார். அதில் கிரிப்டோ விலை சரிந்து, 24 மணி நேரத்தில் 1,900 கோடி டாலருக்கு மேல் பொசிஷன்கள் லிக்விடேட் ஆயின. ஒரே நாளில் அதற்கு முன் இவ்வளவு போனதில்லை. சின்ன காயின்கள் சில நிமிடங்களில் பாதிக்கும் கீழே. ஷார்ட் அடித்து லாபத்தில் இருந்தவர்களின் பொசிஷனைக்கூட சில இடங்களில் தானாக மூடியிருக்கிறார்கள். என் நாற்பதாயிரம் வந்திருந்தால் உனக்கு இன்னும் எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று நீயே போட்டுப் பார். போட்டுப் பார்த்தும் என் மேல் கோபம் இருந்தால், இருக்கட்டும்.

திண்ணையில் முதல் பாதியைக் காட்டியவன், இந்த இரண்டாவது பாதியையும் அப்போதே வந்து உனக்குக் காட்டியிருக்க வேண்டும். விதைப்பூண்டுக் காசு போனது அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. கடன் வாங்கி விதை எடுத்துப் போட்டேன், இரண்டு வருஷம் அடைத்தேன்.

யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வா. ஆப் கடன், சீட்டு, கூட்டாளிகளிடம் கைமாற்று, எதையும் விடாதே. சித்தியின் கம்மல் அடகில் இருந்தால் அதை முதல் வரியில் எழுது. அண்ணிக்கு இப்போது எல்லாம் தெரியும், அவளும் உட்காருவாள்.

ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்து பூண்டு இறக்குகிறோம். அப்பாவுக்கு ஏணி ஏற முடியவில்லை. கீழே நின்று கட்டை வாங்கி வைக்க ஒரு ஆள் வேண்டும்.

அண்ணன்