பாசனதாரர் சங்கத்தின் 2024–2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படாமல், 2024 ஜூலை 28ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. ஆற்றுநீரை நம்பியிருந்தவர்கள் குறுவை நெல் சாகுபடியைக் கைவிட்டனர். வடிமுனைக் குழாய்க் கிணறு (அடிமுனையில் வடிகட்டி பொருத்திய குழாய்க் கிணறு) உள்ளவர்கள் மட்டும் துணிந்து நாற்று விட்டனர். ஏறத்தாழ ஏழு வாரங்கள் நம் பகுதிப் பயிர் முழுவதும் மோட்டாரையே நம்பி நின்றது. மும்முனை மின்சாரம் வந்த நொடியில் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திய மோட்டார்கள் அத்தனையும் ஒன்றாக ஓடத் தொடங்க, டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போவதும், கடைசிக் கம்பத்து உறுப்பினர்களுக்கு வோல்டேஜ் இறங்கி மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) எரிவதும் அடிக்கடி நடந்தன. இந்த அனுபவத்திற்குப் பிறகே, நமது பம்புசெட்டுகள் இழுக்கும் மின்சாரத்திற்கு ஏற்ற தண்ணீரைத் தருகின்றனவா என்று சோதித்துப் பார்க்க நிர்வாகக் குழு முடிவு செய்தது.

விவசாய இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், 200 லிட்டர் டிரம் ஒன்றையும், மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றையும், கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தையும் கொண்டே சோதனை செய்தோம். ஓர் உறுப்பினரின் 5 குதிரைத்திறன் மோட்டார் அந்த டிரம்மை நிரப்ப 33 நொடி எடுத்துக்கொண்டது. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர், அதாவது ஆயிரம் டிரம் தண்ணீர் வேண்டும். அந்த மோட்டார் அதற்கு ஒன்பது மணி நேரத்திற்கும் மேல் ஓடியாக வேண்டும்.

குறை மோட்டாரில் மட்டும் இல்லை. தண்ணீர் வெளியேறும் குழாய் தொட்டியின் விளிம்பைவிட ஆளுயரம் மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் அருவிபோல் கொட்டுவது கண்ணுக்கு அழகாக இருந்தாலும், அந்த உயரத்திற்கு அதைத் தூக்கிய மின்சாரம் வீணே. துருப்பிடித்த இரண்டரை அங்குல இரும்புக் குழாயில் அடுத்தடுத்து இரண்டு எல்போக்கள் (வளைவு இணைப்புகள்) இருந்தன, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருந்தது. இம்பெல்லரை மாற்றி, மூன்று அங்குல பிவிசி குழாய் போட்டு, வளைவைக் குறைத்து, குழாய் வாயைத் தொட்டி விளிம்புக்கு இறக்கிய பின், அதே மோட்டார் 25 நொடியில் டிரம்மை நிரப்பியது. ஆம்பியர் சற்றே கூடியது உண்மைதான். ஆயினும் ஏக்கருக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் ஓடியது ஏழு மணி நேரமாகக் குறைந்ததால், மொத்தச் செலவில் மின்சாரம் மிச்சமே. ஒரே அளவு தண்ணீர் செல்லும்போது குழாயின் உராய்வு இழப்பு அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், இரண்டரை அங்குலத்திலிருந்து மூன்றுக்கு மாறினாலே அந்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கடைக்காரர் சொல்லும் விலை வித்தியாசத்தைப் பார்த்துச் சிறிய குழாயை வாங்குபவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் கொள்ள வேண்டும்.

திரும்பத் திரும்ப காயில் கட்டிய மோட்டார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை கட்டும்போதும் திறன் குறைய வாய்ப்புள்ளது. தண்ணீர் குறைகிறது என்று 5 குதிரைத்திறனை எடுத்துவிட்டு ஏழரை வைப்பது தீர்வாகாது. அது பக்கத்து வயல்காரரின் வோல்டேஜையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. புதிதாக வாங்குவோர் எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து, தங்கள் கிணற்றின் நீர்மட்டத்திற்கும் தேவையான நீரளவுக்கும் பொருந்தும் பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு, குறு விவசாயிகள் பழைய பம்புசெட்டை மாற்ற வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வருகிறது; விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படுவோர் சங்கத்தை அணுகலாம்.

இந்தச் சோதனையைச் சில உறுப்பினர்கள் ஐயத்துடன் பார்த்தனர். இன்று அளந்தால் நாளை மீட்டர் வரும், இலவச மின்சாரம் போய்விடும் என்ற அச்சம் நியாயமற்றதன்று. விவசாயிகள் உயிரைக் கொடுத்துப் போராடிய பின்னரே 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அந்த உரிமையில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் சங்கத்திற்கு இல்லை. நாம் எடுத்த அளவுகள் சங்கப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் போகவில்லை. கட்டணம் இல்லையென்றாலும் காயில் கட்டும் கூலியும், நட்டுவைத்த பயிர் வாடும் கவலையும், ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் நிலத்தடி நீரும் நம்முடைய செலவுகளே என்பதால்தான் இந்த முயற்சியை எடுத்தோம்.

பம்பு நன்றாக இறைக்கிறது என்பதற்காக வயலில் தேவைக்கு மேல் தண்ணீர் கட்டினால், மிச்சமான மின்சாரம் மறுபடியும் வாய்க்காலில் போய்விடும். ஆகவே ஐந்து உறுப்பினர்களின் வயலில் நீர்மட்டம் பார்க்கத் துளையிட்ட குழாய் பதித்து, பாய்ச்சலும் காய்ச்சலுமாக நீர் நிர்வாகம் செய்து பார்த்தோம். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்பே தண்ணீர் விடப்பட்டது. பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. வெடிப்பு விழுந்துவிடுமோ என்று முதல் இரண்டு வாரம் தினமும் வரப்பில் நின்றவர்கள், பிறகு குழாயைப் பார்த்தே மோட்டாரைப் போட்டனர்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுத் தனியே உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டுள்ளது.

வரும் குறுவைக்கு முன்பாக, ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள உறுப்பினர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டரில் நேர இடைவெளி வைத்து மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதற்கான முறைப்பட்டியலைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். டிரம்மும் கிளாம்ப் மீட்டரும் சங்கக் கட்டடத்தில் உள்ளன. சோதனை வேண்டுவோர் பதிவேட்டில் பெயர் எழுதினால், வரிசைப்படி தங்கள் கொல்லைக்கே வந்து அளந்து தருகிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்